டொராண்டோவுக்கு ஏன் ஒரு மேஜர் ஜூனியர் ஹாக்கி அணி இல்லை?

2024-ல் மிசிசாகா நகரில் ஆடிக்கொண்டிருந்த ஸ்டீல்ஹெட்ஸ் என்ற ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி, பக்கத்து நகரமான பிராம்ப்டனுக்கு மூட்டை கட்டியது. செய்தியைப் படித்த பலருக்கும் ஒரு குழப்பம். இந்த அணி பிறந்தது டொராண்டோவில். அங்கிருந்து 2007-ல் மிசிசாகா, இப்போது பிராம்ப்டன். கனடாவின் மிகப் பெரிய நகரம், ஹாக்கியை மூச்சாகக் கொண்ட நகரம், தன் ஜூனியர் அணியை ஏன் வைத்துக்கொள்ள முடியவில்லை?

ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. 1911-ல் ஐந்தே அணிகளோடு டொராண்டோவில் தொடங்கிய சிறுவர் ஹாக்கி அமைப்புதான் இன்று ஜி.டி.எச்.எல். சிறுவர் ஹாக்கியில் உலகத்திலேயே பெரியது. பையன்கள் இங்கே வளர்கிறார்கள். ஜூனியர் ஆட வேறு ஊருக்குப் போகிறார்கள். இதைப் புரிந்துகொள்ள, ஜூனியர் அணிக்குக் காசு எங்கிருந்து வருகிறது, அது காலத்துக்குக் காலம் எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. ஜூனியர்: 16 முதல் 20 வயது வரையிலான ஆட்டக்காரர்கள். விதிவிலக்காக, அபாரத் திறமை உள்ள 15 வயதுப் பையனுக்கும் அனுமதி கிடைக்கும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2005-ல் அப்படி முதலில் நுழைந்தவர் ஜான் டவாரெஸ்.

2. மேஜர் ஜூனியர்: ஜூனியரின் உச்சப் படி. 1970-ல்தான் ஜூனியர் ஏ என்ற பழைய பிரிவு இரண்டாக உடைந்து இந்தப் படி தனியாக வந்தது. இன்று இதில் மூன்று லீக்குகள்: மேற்கில் டபிள்யூ.எச்.எல்., கிழக்கில் கியூபெக் மாரிடைம்ஸ் லீக், நடுவில் ஒன்டாரியோவின் ஓ.எச்.எல். ஓ.எச்.எல்லில் 20 அணிகள். அதில் மூன்று அமெரிக்காவில் இருக்கின்றன. ஒவ்வொரு அணிக்கும் பருவத்துக்கு 68 ஆட்டங்கள்.

3. மெமோரியல் கோப்பை: முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக 1919-ல் வைக்கப்பட்ட தேசிய ஜூனியர் கோப்பை.

4. மார்லீஸ்: இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இன்று டொராண்டோவில் ஆடும் மார்லீஸ் ஜூனியர் அணி இல்லை. அது, வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்லில் ஆடும் மேப்பிள் லீஃப்ஸ் அணியின் தொழில்முறைத் துணை அணி. 2005-ல் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸிலிருந்து வந்தது. பெயர் மட்டும் பழைய ஜூனியர் அணியான மார்ல்பரோஸிடம் கடன் வாங்கியது.

14 கோப்பைகள்

மெமோரியல் கோப்பையை முதலில் தூக்கியதே ஒரு டொராண்டோ பள்ளிதான். 1919-ல் டொராண்டோ பல்கலைக்கழகப் பள்ளிகளின் அணி, ரெஜைனா பேட்ரிசியாஸ் அணியை இரண்டு ஆட்டங்களில் 14-3, 15-5 என்று நொறுக்கியது. மறு ஆண்டு டொராண்டோ கனூ கிளப். ஆம், படகு ஓட்டும் கிளப்தான்; குளிர்காலத்தில் அவர்கள் ஹாக்கி ஆடினார்கள். 1936-ல் வெஸ்ட் டொராண்டோ நேஷனல்ஸ்.

ஆனால் டொராண்டோ ஜூனியர் ஹாக்கி என்றால் இரண்டே பெயர்கள்தான் முன்னால் வரும். ஒன்று மார்ல்பரோஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு விளையாட்டுக் கழகமாகப் பிறந்த இந்த அணி 1929, 1955, 1956, 1964, 1967, 1973, 1975 என்று ஏழு முறை கோப்பையை வென்றது. இன்றுவரை வேறு எந்த அணியும் ஏழைத் தொடவில்லை. இன்னொன்று செயின்ட் மைக்கேல்ஸ் மேஜர்ஸ், கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்திய ஆண்கள் பள்ளியின் அணி: 1934, 1945, 1947, 1961.

எல்லாம் சேர்த்து 14. கடைசி வெற்றி 1975. அதற்குப் பிறகு இந்த நகரத்துக்கு ஒன்று கூட இல்லை. அரை நூற்றாண்டாகக் காய்ந்துகிடக்கும் கிணறு இது. ஊற்று எங்கே அடைபட்டது?

அன்று பணம் கொடுத்தது யார்?

1960-கள் வரை ஜூனியர் அணிகளுக்குப் படியளந்தவை என்.எச்.எல். அணிகளே. இதற்கு ஸ்பான்சர் முறை என்று பெயர். என்.எச்.எல்லில் ஆறே அணிகள் இருந்த காலம் அது. ஒவ்வொன்றும் சில ஜூனியர் அணிகளைத் தத்தெடுத்துச் செலவைப் பார்த்துக்கொண்டது. அதற்குப் பதிலாக அங்கே வளரும் பையன்களின் தொழில்முறை உரிமை அதற்கே சொந்தம்.

இதன் ஆயுதம் சி-படிவம் என்ற ஒரு காகிதம். பையன் அதில் கையெழுத்துப் போட்டால், அவனுடைய எதிர்காலம் அந்த என்.எச்.எல். அணியின் பையில். வயது குறைவு என்றால் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். பின்னாளில் ஆட்டத்தின் போக்கையே மாற்றிய பாபி ஓர், பாஸ்டன் அணிக்காக இந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டபோது வயது 14. பேரத்தில் அவர் குடும்பத்துக்குக் கிடைத்தவற்றில் ஒன்று, வீட்டுச் சுவருக்கு வெளிப்பூச்சு. ஒரு தலைமுறையில் ஒருவருக்கே வாய்க்கும் திறமைக்கு அன்று சந்தை கொடுத்த விலையில் சுவர்ப் பூச்சும் ஒரு பகுதியாக இருந்தது.

டொராண்டோவில் மேப்பிள் லீஃப்ஸ் இரண்டு அணிகளை வளர்த்தது: மார்ல்பரோஸ், செயின்ட் மைக்கேல்ஸ். கத்தோலிக்க வீட்டுப் பையன் என்றால் பெரும்பாலும் செயின்ட் மைக்கேல்ஸ், மற்றவர்கள் மார்ல்பரோஸ். இரண்டும் ஆடியது 1931-ல் திறந்த மேப்பிள் லீஃப் கார்டன்ஸில், அதாவது லீஃப்ஸ் ஆடிய அதே பனித்தரையில். சார்லி கோனகர், பாப் பல்ஃபர்ட், பாப் பான் மார்ல்பரோஸிலிருந்து ஏறினார்கள். ரெட் கெல்லி, டிம் ஹார்ட்டன், ஃபிராங்க் மஹோவ்லிச், டேவ் கியோன் செயின்ட் மைக்கேல்ஸ் பையன்கள். 1960-களில் லீஃப்ஸ், என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பைகளை அடுக்கியதற்கு இந்த இரண்டு நாற்றங்கால்கள்தான் முக்கியக் காரணம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாளில் மார்ல்பரோஸ் லாபம் சம்பாதித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டிக்கெட் விற்றால் நல்லது. விற்காவிட்டாலும், அங்கிருந்து ஒரு பல்ஃபர்ட் கிடைத்தால் லீஃப்ஸுக்குப் போட்ட பணம் வந்துவிடும்.

பாதிரியார்கள் விலகியது

முதலில் போனது செயின்ட் மைக்கேல்ஸ், அதுவும் வென்ற கையோடு. 1961-ல் அந்த அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் டேவிட் பாயர் ஒரு பாதிரியார். வாரத்தில் பல ஆட்டங்கள், நீண்ட பஸ் பயணங்கள், கூடிக்கொண்டே போன முரட்டு ஆட்டம். இவற்றுக்கு நடுவே பையன்கள் எப்போது படிப்பார்கள் என்று பள்ளி கேட்டது. 1962-ல் அணியையே நிறுத்திவிட்டது. பாயர் மேற்குக் கரைக்குப் போய், படித்துக்கொண்டே ஆடும் இளைஞர்களை வைத்துக் கனடாவின் தேசிய அணியை உருவாக்கி, 1964 இன்ஸ்பிரக் ஒலிம்பிக்கில் இறக்கினார்.

செயின்ட் மைக்கேல்ஸ் ஆட்டக்காரர்கள் நீல் மெக்நீல் என்ற வேறொரு கத்தோலிக்கப் பள்ளிக்கு மாறினார்கள். அது ஸ்கார்பரோவின் தென்மேற்கு ஓரத்தில், விக்டோரியா பார்க் அவென்யூவில் இருக்கிறது. இன்று தமிழ்க் குடும்பங்கள் திரளாக வாழும் ஸ்கார்பரோவேதான். அந்த ஏற்பாடு ஒரே பருவம் நீடித்தது. பிறகு அவர்களில் பலர் மார்ல்பரோஸில் சேர, 1964-ல் மார்ல்பரோஸ் கோப்பையை வென்றது. பார்க்க மார்ல்பரோஸின் பொற்காலம் போல இருந்தாலும், அது இரண்டு குளத்துத் தண்ணீர் ஒரே குளத்தில் சேர்ந்த வேகம்.

அடித்தளம் ஆட்டம் கண்டது

1963-ல் என்.எச்.எல். முதல் முறையாக டிராஃப்ட் நடத்தியது. அதாவது, இளம் ஆட்டக்காரர்களை எல்லா அணிகளும் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது. 1960-கள் முடிவதற்குள் ஸ்பான்சர் முறை முழுதாக ஒழிந்தது. சிறுவர்களைக் காகிதத்தில் கட்டிப்போட்ட ஒரு ஏற்பாடு ஒழிந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் டொராண்டோவுக்கு அதன் விளைவு வேறு மாதிரி. மார்ல்பரோஸில் வளரும் பையனை இனி மாண்ட்ரியலும் எடுக்கலாம், சிகாகோவும் எடுக்கலாம். அப்படியானால் லீஃப்ஸ் அந்த அணிக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

உடனே சரிவு தெரியவில்லை. லீஃப்ஸின் முன்னாள் கேப்டன் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் பயிற்சியில் 1973, 1975 கோப்பைகள் வந்தன. அதற்குள் அடுத்த அடி விழுந்தது. 1972-ல் என்.எச்.எல்லுக்குப் போட்டியாக டபிள்யூ.எச்.ஏ. என்ற தொழில்முறை லீக் ஆரம்பித்து, 20 வயது ஆகாத பையன்களையும் பணம் கொடுத்து இழுத்தது. 1973 கோப்பை அணியில் இருந்த மார்க் ஹோவும் மார்ட்டி ஹோவும் ஹூஸ்டனுக்குப் போய்த் தங்கள் தந்தை கோர்டி ஹோவுடன் ஒரே அணியில் ஆடினார்கள்.

ஜூனியர் அணிகள் பதிலுக்கு ஒப்பந்தத்தை இறுக்கின. அதில் அகப்பட்டவர் ஜான் டோனெல்லி. 1973-ல், 16 வயதில், மார்ல்பரோஸுடன் அவர் போட்ட ஒப்பந்தத்தின் சாரம் இது:

1. மூன்று ஆண்டுகள் மார்ல்பரோஸுக்கு ஆட வேண்டும். அணி விரும்பினால் நான்காவது ஆண்டும்.
2. தொழில்முறை அணியில் சேர்ந்தால், முதல் மூன்று ஆண்டு வருமானத்தில் 20 விழுக்காட்டை மார்ல்பரோஸுக்குக் கொடுக்க வேண்டும்.

1975-ல் 18 வயது நிறைந்ததும் டோனெல்லி ஒப்பந்தத்தை உதறிவிட்டு ஹூஸ்டனுக்குக் கையெழுத்திட்டார். மார்ல்பரோஸ் வழக்குப் போட்டது. மேல்முறையீட்டில் ஒன்டாரியோ நீதிமன்றம் 1979-ல் சொன்னது: சிறுவன் போட்ட ஒப்பந்தம் அவனுக்கு நன்மை செய்வதாக இருந்தால்தான் செல்லும், இது அப்படி இல்லை. கனடாவில் ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தத் தீர்ப்பை இன்றும் படிக்கிறார்கள். டோனெல்லி நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியில் நான்கு ஸ்டான்லி கோப்பைகளை வென்றார்.

என் பார்வையில், டொராண்டோவின் ஜூனியர் கதை உண்மையில் திரும்பிய இடம் இதுதான். ஸ்பான்சர் பணம் போயிற்று. வளர்த்த பையனின் வருங்கால வருமானத்தில் பங்கு கேட்கும் வழியும் அடைபட்டது. ஜூனியர் அணி நம்பி இருக்கக்கூடிய வருமானம் என்று மிஞ்சியதில் பெரியது அரங்கு வாசலில் விற்கும் டிக்கெட். ஆனால் டொராண்டோவில் அந்த டிக்கெட்டுக்குப் போட்டி லீஃப்ஸ்.

1989: பெயர் தங்கியது, அணி போனது

1980-களில் கார்டன்ஸின் பெரிய அரங்கில் மார்ல்பரோஸ் ஆட்டத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம்தான். 1989-ல் அணி ஹாமில்டனுக்குப் போனது. அங்கேயும் ஒட்டவில்லை, இரண்டே பருவங்கள். 1991-ல் குவெல்ஃப் நகரம் எடுத்துக்கொண்டது. அதுதான் இன்றைய குவெல்ஃப் ஸ்டார்ம். டொராண்டோவை விடப் பல மடங்கு சிறிய அந்த ஊரில் அணி வேர்விட்டு, இன்றும் அங்கேயே ஆடுகிறது.

புறநகர் வருகிறது

சரி, யாரும் திரும்ப முயலவில்லையா? முயன்றார்கள். 1997-ல் செயின்ட் மைக்கேல்ஸ் மேஜர்ஸ் ஓ.எச்.எல்லில் மறுபடி பிறந்தது. தொடக்கத்தில் கார்டன்ஸிலேயே ஆடியது. லீஃப்ஸ் 1999-ல் கார்டன்ஸை விட்டுப் புது அரங்குக்குப் போனபின், மேஜர்ஸ் தன் பள்ளி வளாக அரங்குக்கு ஒதுங்கியது. ஏறத்தாழ 1,600 பேர் மட்டும் கொள்ளும் பழைய அரங்கு அது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அருமையான இடம். ஆனால் 68 ஆட்டப் பருவத்தின் செலவை 1,600 இருக்கைகள் தாங்காது.

அதே சமயம் புறநகர்கள் அரங்கு கட்டின. 1998-ல் மிசிசாகா, பிராம்ப்டன் இரண்டிலும் சுமார் 5,000 பேர் கொள்ளும் புது அரங்குகள் திறந்தன. இரண்டுக்கும் ஓ.எச்.எல். அணி கிடைத்தது.

மிசிசாகாவின் ஐஸ்டாக்ஸ் பட்ட பாடு சொல்லி மாளாது. முதல் மூன்று பருவங்களில் அவர்கள் வென்ற ஆட்டங்கள் முறையே 4, 9, 3. பிறகு தேறி 2004-ல் ஓ.எச்.எல். இறுதிக்கே வந்தார்கள். அங்கே அவர்களைத் தோற்கடித்தது குவெல்ஃப், அதாவது பழைய மார்ல்பரோஸ்.

மேஜர்ஸ் உரிமையாளர் யூஜின் மெல்னிக் 2006-ல் ஐஸ்டாக்ஸையும் வாங்கினார். ஒருவரிடம் இரண்டு அணிகள் இருக்க முடியாது. அதனால் ஐஸ்டாக்ஸ் விற்கப்பட்டு நயாகரா பக்கம் செயின்ட் கேதரின்ஸுக்குப் போனது. காலியான மிசிசாகா அரங்குக்கு மேஜர்ஸ் இடம் மாறியது. 2007-ல் டொராண்டோ நகர எல்லைக்குள் மேஜர் ஜூனியர் ஹாக்கி முடிந்தது இப்படித்தான்.

அப்புறம் நடந்தது வேகமாக. 2011-ல் மேஜர்ஸ் மெமோரியல் கோப்பைப் போட்டியை மிசிசாகாவிலேயே நடத்தி, இறுதியில் செயின்ட் ஜான் சீ டாக்ஸிடம் தோற்றது. 2012-ல் கை மாறி ஸ்டீல்ஹெட்ஸ் ஆனது. 2013-ல் பிராம்ப்டனின் பட்டாலியன் அணி வடக்கே நார்த் பே நகருக்குப் போய்விட்டது. 11 ஆண்டுகள் கழித்து அதே பிராம்ப்டன் அரங்குக்குத்தான் ஸ்டீல்ஹெட்ஸ் இப்போது வந்திருக்கிறது.

ஏன் ஒட்டவில்லை?

1. மக்கள்தொகை அதிகம் என்றால் கூட்டமும் அதிகம் என்ற கணக்கு இங்கே பொய்க்கிறது. ஒன்டாரியோவின் லண்டன், கிச்சனர், பீட்டர்பரோ ஊர்களில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் ஜூனியர் ஆட்டம்தான். செய்தித்தாள் அதை எழுதும், கடைக்காரர் அதைப் பேசுவார், ஆடும் பையன் அடுத்த தெரு வீட்டில் தங்கியிருப்பான். ஜூனியர் அணிகள் வெளியூர்ப் பையன்களைப் பில்லெட் குடும்பங்கள் என்ற உள்ளூர் வீடுகளில்தான் தங்கவைக்கின்றன. டொராண்டோவில் லீஃப்ஸ், கூடைப்பந்தின் ராப்டர்ஸ், பேஸ்பாலின் புளூ ஜேஸ் எல்லாம் போக மிஞ்சிய கவனம்தான் ஜூனியருக்கு.

2. யாருடைய அணி என்ற கேள்வி. பீட்டர்பரோ பீட்ஸ் ஊராருக்குச் சொந்தமான, லாப நோக்கம் இல்லாத அணி. 1956 முதல் ஒரே ஊரில் ஆடுகிறது. வென்ற மெமோரியல் கோப்பை ஒன்றுதான், 1979-ல். கிச்சனர் ரேஞ்சர்ஸும் சந்தாதாரர்களின் அணி. ஏழு கோப்பை வென்ற மார்ல்பரோஸ் போய்விட்டது. ஒரு கோப்பை வென்ற பீட்ஸ் இருக்கிறது. ஊர் தன்னுடையது என்று நினைக்கும் அணியை யாரும் ஓர் இரவில் லாரியில் ஏற்றிவிட முடியாது.

3. அரங்கு. ஜூனியருக்குத் தோதானது 5,000 முதல் 9,000 இருக்கை கொண்ட அரங்கு. டொராண்டோவில் ஒன்று கார்டன்ஸ் போல மிகப் பெரிது, இல்லையென்றால் பள்ளி அரங்கு போல மிகச் சிறிது. நடுத்தரமானதில் இப்போது, என்.எச்.எல்லுக்கு அடுத்த தொழில்முறை லீக்கான ஏ.எச்.எல்லின் மார்லீஸ் ஆடுகிறது.

மற்ற பெருநகரங்களையும் பாருங்கள். மாண்ட்ரியலின் ஜூனியர் அணி 2011-ல் புறநகருக்குப் போனது. வினிபெக் 2019-ல் பெற்ற அணி நான்கே பருவத்தில், 2023-ல், அமெரிக்காவின் வெனாச்சிக்குப் போனது. வினிபெக்கிலும் அது ஆடியது பல்கலைக்கழக வளாகத்துச் சின்ன அரங்கில்தான். கால்கரியிலும் எட்மண்டனிலும் ஜூனியர் அணி நிலைத்திருப்பதற்குக் காரணம், அவற்றை அங்குள்ள என்.எச்.எல். அணியின் உரிமையாளர்களே வைத்திருக்கிறார்கள். அதாவது, பழைய ஸ்பான்சர் முறையின் ஒரு நிழல். ஒட்டாவா 67'ஸ் மட்டும் அப்படி இல்லாமல் ஊன்றி நிற்கிறது. அதனால் பெருநகரத்தில் முடியவே முடியாது என்று சொல்லிவிட முடியாது.

இனி என்ன?

மேஜர் ஜூனியரில் ஆடியவர்களை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. பல ஆண்டுகளாகத் தொழில்முறை ஆட்டக்காரர்களாகக் கருதி ஒதுக்கியது. 2024 நவம்பரில் அந்தத் தடை நீங்கியது. 2025 ஆகஸ்டிலிருந்து அவர்கள் அங்கே ஆடலாம். இதன் விளைவு டொராண்டோவைத் தொடும். இதுவரை அமெரிக்கக் கல்லூரிக் கனவு உள்ள பையன், ஓ.எச்.எல்லைத் தவிர்த்து ஜூனியர் ஏ என்ற அடுத்த படியில் ஆடினான். டொராண்டோவில் எஞ்சியிருப்பது அந்தப் படிதான். இனி அவனுக்கு ஓ.எச்.எல்லைத் தவிர்க்கக் காரணம் இல்லை. நகரத்தின் ஜூனியர் ஏ அணிகள் தங்கள் சிறந்த பையன்களை இன்னும் சீக்கிரம் இழக்கும்.

இழப்பது புதிதில்லை. ஜி.டி.எச்.எல்லில் வளர்ந்த மிட்ச் மார்னர் 2016-ல் மெமோரியல் கோப்பையை வென்றது லண்டனுக்காக. பிறகு டொராண்டோ அவரை லீஃப்ஸ் சட்டையில்தான் பார்த்தது.

மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடம் இன்னும் நிற்கிறது. தரைத்தளம் இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட். பனித்தரையின் நடுப்புள்ளி இருந்த இடத்தை, 25-ஆம் வரிசையில், தரையில் ஒரு சிவப்புப் புள்ளி காட்டுகிறது. மேல்தளத்தில் டொராண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் ஒரு பனி அரங்கு வைத்திருக்கிறது. ஓ.எச்.எல். அணிகள் ஆட்டக்காரருக்கு, ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் ஆண்டுக் கல்லூரிக் கட்டணம் தருகின்றன. அந்தக் கட்டணத்தில் படிக்கவரும் முன்னாள் ஜூனியர்கள் கனடாவின் பல்கலைக்கழக அணிகளில் ஏராளம். வேறு ஊர்களுக்காக ஜூனியர் ஆடிவிட்டு, 21 வயதில், மார்ல்பரோஸ் ஆடிய அதே கூரைக்குக் கீழே அவர்கள் மறுபடி ஸ்கேட் கட்டுகிறார்கள்.